சாயத்தொட்டி டூ டெல்ஃப்ட்: மைக்ரோபயாலஜி படிச்சவங்க எங்கே போகலாம்?

எபிசோடின் ஒலிவடிவத்திலிருந்து தொகுத்தது. பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.

பனியன் ஊர்ல இருந்து இன்னொரு எபிசோடு.

கோடு எழுதிப் பிழைக்கிறவன் எதுக்குய்யா மைக்ரோபயாலஜி பேசுறான்னு கேட்பீங்க. ரெண்டு காரணம். திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடிச்சவங்ககிட்ட இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "அண்ணா, ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல சேரணும், இல்லைன்னா கடன் வாங்கி வெளிநாட்டுல மாஸ்டர்ஸ் போகணும். இதைத் தவிர வேற வழியே இல்லையா?" இது முதல் காரணம். ரெண்டாவது, இந்தத் துறையோட பெரிய சோதனைச்சாலை ஒண்ணு நம்ம ஊர்லயே ராத்திரி பகலா ஓடிட்டு இருக்கு. அதுக்குப் பேரு சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையம்.

இன்னைக்கு நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். வெளிநாட்டு ஆய்வகத்துக் கதவைத் தட்டும்போது உங்க கையில இருக்க வேண்டிய முக்கியமான பொருள், உங்க ஊர்ல இன்னும் தீராத ஒரு பிரச்சினை. திருப்பூர்க்காரங்களுக்கு அது பஞ்சமே இல்லை. எப்படின்னு பார்ப்போம்.

டி-ஷர்ட் லேபிள்ல இருந்து ஆரம்பிப்போம்

ஆன்லைன்ல டி-ஷர்ட் வாங்கும்போது "பயோ வாஷ்டு காட்டன்"னு போட்டிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. நிறையப் பேர் அதை ஏதோ இயற்கைச் சோப்புன்னு நினைக்கிறாங்க. விஷயம் அது இல்லை.

பருத்தி நூலோட மேல்பக்கத்துல பொடிப்பொடியா இழை நீட்டிட்டு இருக்கும். நாலு தடவை துவைச்சா அதெல்லாம் சுருண்டு உருண்டை உருண்டையா நிக்கும். நம்ம ஊர் பாஷையில சொன்னா, துணி பில்லிங் ஆயிடும். இந்த நீட்டிக்கிட்டு இருக்கிற இழையை மட்டும் வெட்டி எடுக்கிற வேலையைச் செல்லுலேஸ்னு ஒரு என்சைம் செய்யுது. கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள தண்ணி, 50-ல இருந்து 60 டிகிரி சூடு, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அப்புறம் சூட்டை ஏத்தியோ காரம் சேர்த்தோ என்சைமை நிறுத்திடணும். விட்டா துணியையே தின்ன ஆரம்பிச்சிடும். ஏன்னா பருத்தின்னாலே செல்லுலோஸ்தான்.

இந்த என்சைம் எங்கிருந்து வந்துச்சுங்கிறது நல்ல கதை. இரண்டாம் உலகப் போர் நேரத்துல, பசிபிக்ல சாலமன் தீவுகள் பக்கம் அமெரிக்க ராணுவத்தோட பருத்திக் கூடாரமும் துணியும் மட்கிப் போச்சு. காரணம் ஒரு பூஞ்சை. அதை ஆராய்ச்சி பண்ணினவங்கள்ல ஒருத்தர் எல்வின் ரீஸ். அவர் பேரையே பின்னாடி அந்தப் பூஞ்சைக்கு வெச்சாங்க: டிரைக்கோடெர்மா ரீசி. துணியை அழிக்குதேன்னு கண்டுபிடிச்ச பூஞ்சை, இன்னைக்குத் துணியை மெருகேத்துற என்சைமைத் தயாரிக்கிற பூஞ்சைகள்ல முக்கியமானதா இருக்கு.

பட்டறையில "பெராக்சைடு கில்லர்"னு ஒண்ணு சொல்வாங்க. அதுவும் என்சைம்தான், பேரு கேட்டலேஸ். ப்ளீச்சிங் முடிஞ்சதும் மிச்சம் இருக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணியாவும் ஆக்சிஜனாவும் உடைச்சிடும். அது இல்லைன்னா சாயம் போடுறதுக்கு முன்னாடி திரும்பத் திரும்ப அலசணும்.

இந்த மாதிரி தொழில் என்சைம்கள்ல உலகத்துல முன்னணியில இருந்த டென்மார்க் நிறுவனம் நோவோசைம்ஸ். 2024 ஜனவரியில கிறிஸ்டியன் ஹான்சனோட இணைஞ்சு நோவோனெசிஸ் ஆச்சு. ஆக, ஒரு தீவுப் பூஞ்சை, ஒரு அமெரிக்க ஆய்வகம், ஒரு டென்மார்க் வியாபாரம், திருப்பூர்ல ஒரு வாஷிங் மிஷின். இந்தத் துறை எப்பவுமே இப்படி ஊர் விட்டு ஊர் போயிட்டேதான் இருந்திருக்கு.

பாக்டீரியா உப்பைத் தின்னாது

இப்போ கழிவுக்கு வருவோம். பருத்திக்குப் போடுற ரியாக்டிவ் சாயத்துல ஒரு சிக்கல் இருக்கு. தண்ணிக்குள்ள பருத்தியும் எதிர்மின்னூட்டம், சாயமும் எதிர்மின்னூட்டம். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடும். நடுவுல சமாதானம் பண்ணி வைக்கத்தான் உப்பு. அடர் நிறம்னா ஒரு லிட்டர் சாயத்தண்ணிக்கு 60, 80 கிராம் வரைக்கும் உப்பு போடுவாங்க. கடல் தண்ணியிலயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் இருக்கு.

அவ்வளவு உப்பு போட்டும் எல்லாச் சாயமும் துணியில ஒட்டாது. சாயத்தையும் முறையையும் பொறுத்து பத்துல ஒரு பங்குல இருந்து நாலு பங்கு வரைக்கும் தண்ணியோட போயிடும். போட்ட உப்பு கிட்டத்தட்ட மொத்தமும் போயிடும்.

எங்க போச்சுன்னு நமக்கே தெரியும். வெள்ளியங்கிரி மலையில ஆரம்பிச்சு, கோவை, திருப்பூர் வழியா கரூர் மாவட்டத்துல காவிரியில சேர்ற நொய்யல்ல. 1992-ல பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணியைத் தேக்கி வைக்கிற இடமாச்சு. கீழ்ப்பக்கத்து விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2009-ல அங்கேயும் விவசாயிகள் பக்கம் நியாயம் இருக்குன்னு தீர்ப்பு வந்துச்சு. அதுக்கப்புறமும் கழிவு நிக்கலைங்கிறதால, 2011 ஜனவரி 28-ல சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. 700-க்கும் மேல பட்டறைகள். அந்த வருஷம் திருப்பூர்ல இருந்தவங்களுக்கு அது எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் ஒரு தப்பான நம்பிக்கையைச் சரி பண்ணணும். "சாயம் தின்னும் பாக்டீரியா கண்டுபிடிப்பு, இனி நொய்யல் சுத்தமாகும்"னு செய்தி வரும். பாக்டீரியா சாயத்தை உடைக்கும், உண்மைதான். ஆனா உப்பைத் தின்னாது. உப்புல உடைக்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட வரம்பு, ஒரு லிட்டர்ல கரைஞ்ச திடப்பொருள் 2,100 மில்லிகிராம். சாயக்கழிவுல சாதாரணமாவே அதைப்போல ரெண்டு மூணு மடங்கு இருக்கும். அதனாலதான் நம்ம ஊர்ல "ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்", அதாவது ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாதுங்கிற முறை வந்துச்சு.

அது எப்படி வேலை செய்யுது? பட்டறைகள்ல இருந்து வர்ற தண்ணியை ஒரு பெரிய தொட்டியில கலந்து சமன் பண்றாங்க. அடுத்தது உயிரியல் தொட்டி. காத்து ஊதி ஊதி, சேத்துல இருக்கிற பாக்டீரியாவை வெச்சு கரிமப் பொருளை எல்லாம் தின்ன வைக்கிறாங்க. அப்புறம் வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வுக்குள்ள அழுத்தி விட்டா, நல்ல தண்ணி ஒரு பக்கம், உப்புத்தண்ணி ஒரு பக்கம். நல்ல தண்ணி திரும்பப் பட்டறைக்கே போகுது. உப்புத்தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆவியாக்கி உப்பை எடுக்கிறாங்க. இந்தக் கடைசி வேலைதான் விறகையும் கரண்ட்டையும் தின்னுது.

உப்பை எடுக்கிறது சவ்வும் ஆவியாக்கியும்னா, பாக்டீரியாவுக்கு இங்க என்ன வேலைன்னு தோணும். உயிரியல் தொட்டி அரைகுறையா வேலை செஞ்சா, மிச்சம் இருக்கிற கரிமப் பொருள் சவ்வுக்குப் போகும். அதைத் தின்னுட்டு சவ்வு மேலயே பாக்டீரியா பாசி மாதிரி ஒட்டி வளரும். பயோஃபில்ம்னு சொல்றது இதைத்தான். சவ்வு அடைச்சா அழுத்தம் ஏத்தணும், கெமிக்கல் போட்டுக் கழுவணும், கடைசியில மாத்தணும். ஆக, தொட்டியில பாக்டீரியா ஒழுங்கா இருந்தா செலவு குறையும். இடம் மாறி சவ்வுல உட்கார்ந்துட்டா செலவு ஏறும். சுத்திகரிப்புச் செலவு தாங்க முடியாமப் போனா யாராவது ஒருத்தர் ராத்திரியில திருட்டுத்தனமா திறந்து விடுவார். ஒரு நுண்ணுயிரியோட நடத்தை ஆத்தோட தலையெழுத்தை முடிவு பண்றது இப்படித்தான்.

குடுவையில ஜெயிக்கிறது, தொட்டியில தோக்குது

ஆய்வுக் கட்டுரைகள்ல தேடினா "இந்த பாக்டீரியா இந்தச் சாயத்தை 24 மணி நேரத்துல 90 சதவீதம் நிறம் நீக்குச்சு"ன்னு ஆயிரக்கணக்குல கிடைக்கும். அதெல்லாம் பொய் இல்லை. ஆனா அந்தக் குடுவையில இருந்தது ஒரே ஒரு சாயம், ஒரே ஒரு பாக்டீரியா, அதுக்குச் சாப்பாடா சர்க்கரையும் ஈஸ்ட் சாறும். நம்ம தொட்டியில இன்னைக்குக் கறுப்பு, நாளைக்கு நேவி ப்ளூ, நாளன்னிக்கு சிவப்பு. எந்த நிறம்னு பையர் கொடுக்கிற ஆர்டர்தான் முடிவு பண்ணும். கூடவே உப்பு, சோடா, சோப்பு, மென்மையாக்குற கெமிக்கல் எல்லாம் இருக்கும். லேப்ல வளர்த்த பாக்டீரியாவை அந்தத் தொட்டியில கொட்டினா, ஏற்கெனவே அங்க குடியிருக்கிற கூட்டம் அதைத் தள்ளிட்டுப் போயிடும்.

இன்னொரு விஷயம், நிறம் போச்சுன்னா சுத்தமாச்சுன்னு அர்த்தம் கிடையாது. நிறையச் சாயங்கள் ஆசோ வகை. ரெண்டு நைட்ரஜன் அணு கைகோர்த்து நிக்கிற ஒரு பிணைப்புதான் நிறத்துக்குக் காரணம். ஆக்சிஜன் இல்லாத இடத்துல பாக்டீரியா இந்தப் பிணைப்பை உடைக்கும், நிறம் போயிடும். ஆனா உடைஞ்ச துண்டுகள் அரோமேட்டிக் அமீன்கள். இதுல சிலது நச்சு, சிலது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதை உடைக்கப் பெரும்பாலும் ஆக்சிஜன் இருக்கிற இன்னொரு தொட்டி வேணும். ஆக முதல்ல காத்து இல்லாம, அப்புறம் காத்தோட, ரெண்டு கட்டம்.

இந்த அமீன் விவகாரம் எக்ஸ்போர்ட் ஆட்களுக்கு நல்லாவே தெரியும். குறிப்பிட்ட அமீன்களை வெளியிடுற ஆசோ சாயங்களை 1994-ல ஜெர்மனி தடை பண்ணுச்சு. 2002-ல ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க விதி வந்துச்சு. 22 அமீன், துணியில கிலோவுக்கு 30 மில்லிகிராம் வரம்பு. துணியில இருக்கிற அமீனுக்கு நாம ரிப்போர்ட் வாங்கிக் கப்பல் ஏத்துறோம். தொட்டித் தண்ணியில என்ன அமீன் வருது, எந்த பாக்டீரியா அதை முடிச்சு வைக்குதுங்கிற கேள்வியை அதே தீவிரத்தோட கேட்கிற ஆள் கம்மி.

குடுவைக்கும் தொட்டிக்கும் நடுவுல இருக்கிற இந்த இடைவெளிதான் ஒரு ஆராய்ச்சிக்காரரோட வேலைக்களம். தொட்டி பக்கத்துலயே இருக்கிறவங்களுக்கு அது தெரியும். ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறவங்களுக்கு அது ஒரு பாராவோட முடிஞ்சிடும்.

மூணு துணி ஊர் கடந்து வந்த ஒரு யோசனை

அந்த உயிரியல் தொட்டி யோசனை எங்கிருந்து வந்துச்சு? அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாகாணத்துல லாரன்ஸ்னு ஒரு ஊர். மெரிமாக் ஆத்தங்கரையில, நெசவு ஆலைகளால வளர்ந்த ஊர். 1887-ல இருந்து அங்க தண்ணியையும் கழிவுநீரையும் ஆராய்ச்சி பண்ற நிலையம் ஒண்ணு இருந்துச்சு. 1912-ல மான்செஸ்டர்ல இருந்து கில்பர்ட் ஃபௌலர்ங்கிற வேதியியலாளர் அங்க போய், கழிவுநீர்ல காத்து ஊதுற சோதனைகளைப் பார்த்துட்டு வந்தார்.

மான்செஸ்டர் எப்படிப்பட்ட ஊருன்னு தெரியுமே. பருத்தியால உலகப் பேரு வாங்கின ஊர். ஃபௌலர் சொன்னதைக் கேட்டு எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட்னு ரெண்டு பேர் சோதனை பண்ணினாங்க. முதல்ல காத்து ஊதி சுத்தமாகவே வாரக்கணக்குல ஆச்சு. அவங்க செஞ்ச புத்திசாலித்தனம் என்னன்னா, அடியில படிஞ்ச சேத்தைக் கொட்டிடாம அப்படியே வெச்சுட்டு, அது மேல புதுக் கழிவுநீரை ஊத்தினாங்க. திரும்பத் திரும்ப இப்படிச் செய்யச் செய்ய, வாரக்கணக்கு வேலை 24 மணி நேரத்துக்குள்ள வந்துச்சு. ஏன்னா அந்தச் சேறே பழகின பாக்டீரியாக் கூட்டம். 1914-ல அதை வெளியிட்டாங்க. இன்னைக்கு உலகம் முழுக்க, நம்ம ஊர்லயும், ஓடுறது அதோட வாரிசுதான்.

கதை அங்கேயே நிக்கலை. அதே ஃபௌலர் 1916-ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியரா வந்தார். 1921-ல அங்க தொடங்கின உயிர்வேதியியல் துறைக்கு முதல் தலைவர் அவர்தான்.

லாரன்ஸ், மான்செஸ்டர், பெங்களூரு. "வெளிநாட்டு வாய்ப்பு"ன்னு நாம பேசுற விஷயம் நூறு வருஷத்துக்கு முன்னாடி எப்படி நடந்துச்சு பாருங்க. ஒரு ஊரோட பிரச்சினையை மனசுல வெச்சுக்கிட்டு இன்னொரு ஊருக்குப் போனார், பார்த்தார், வந்தார். அப்புறம் அதைத் தூக்கிட்டு இன்னொரு கண்டத்துக்கே போனார்.

இப்போ எங்க என்ன நடக்குது

முதல் கேள்வி, தொட்டியில யார் யார் இருக்காங்க? தட்டுல வளர்த்துப் பார்க்கிற பழைய முறையில பெரும்பாலான பாக்டீரியா வளரவே வளராது. அதனால சேத்துல இருந்து நேரா டி.என்.ஏ.வை எடுத்துப் படிக்கிறாங்க. 2019-ல வந்த ஒரு சர்வதேச ஆய்வு, 23 நாடுகள்ல 269 சுத்திகரிப்பு நிலையங்கள்ல இருந்து சுமார் 1,200 மாதிரி எடுத்துச்சு. உலகம் முழுக்க இந்தத் தொட்டிகள்ல சுமார் நூறு கோடி பாக்டீரியா வகை இருக்கலாம்னு கணக்குப் போட்டுச்சு. அதுல எல்லா இடத்துக்கும் பொதுவான மையக் கூட்டம்னு கிடைச்சது வெறும் 28 வகை. ஆனா அவங்க பார்த்தது வீட்டுக் கழிவுநீர் நிலையங்களை. உப்பும் சாயமும் கலந்த தொட்டிக்குள்ள இருக்கிற கூட்டம் வேற. இந்த இடத்துல எனக்கே ஆசை வருது. ஏன்னா டி.என்.ஏ. படிச்ச பிறகு வேலை பூரா லினக்ஸ், பைத்தான், புள்ளியியல்தான்.

ரெண்டாவது, பயோஃபில்ம். கழிவுநீரைக் குடிக்கிற தரத்துக்குச் சுத்தம் பண்ற சிங்கப்பூர்ல, நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல ஸ்கெல்ஸ்னு ஒரு மையம் 2011-ல இருந்து இதுக்குன்னே இருக்கு. சவூதியில கௌஸ்ட் பல்கலைக்கழகத்துலயும் சவ்வு அடைப்பு பெரிய ஆராய்ச்சி, கடல்நீரைக் குடிநீராக்குற நாடாச்சே. பாக்டீரியா தங்களுக்குள்ள ரசாயனச் சைகை அனுப்பி "கூட்டம் சேர்ந்தாச்சு, வீடு கட்டலாம்"னு பேசிக்கும். அந்தச் சைகையையே அழிக்கிற பாக்டீரியாவை வெச்சு சவ்வு அடைக்கிறதைத் தள்ளிப்போடுற வேலையை சியோல் தேசியப் பல்கலைக்கழகத்துல செஞ்சிருக்காங்க.

மூணாவது, நெதர்லாந்துல டெல்ஃப்ட். அங்க ஒரு ஈஸ்ட் தொழிற்சாலையோட கழிவுநீர்த் தொட்டியில அம்மோனியம் கணக்குக்கு வராம குறையுதுன்னு கவனிச்சாங்க. 1995-ல அது அறிவிக்கப்பட்டுச்சு. ஆக்சிஜனே இல்லாம அம்மோனியத்தை நைட்ரஜன் வாயுவா மாத்துற அனமாக்ஸ் பாக்டீரியா. யூரியா நிறையப் போடுற துணி பிரிண்டிங் கழிவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. அதே டெல்ஃப்ட்ல மார்க் வான் லூஸ்ட்ரெக்ட் குழு, சேத்தைச் சீக்கிரம் படியுற சின்ன மணிகளா வளர்க்கிற முறையை உருவாக்குச்சு. 2018-ல ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருதை அவர் புரூஸ் ரிட்மனோட பகிர்ந்துக்கிட்டார். ஒரு தொழிற்சாலைத் தொட்டியில "கணக்கு இடிக்குதே"ன்னு ஒருத்தர் கவனிச்சதுல ஆரம்பிச்ச ஆராய்ச்சிங்க அது.

போற வழி: கடனா, சம்பளமா?

இப்போ காசு விஷயம். நான் கறாரா ஒண்ணு சொல்றேன். வீட்டை அடமானம் வெச்சு, லட்சக்கணக்குல கடன் வாங்கி ஒரு வருஷ மாஸ்டர்ஸ் போறதுக்கு முன்னாடி, இந்தத் துறையில பிஎச்.டி. பல நாடுகள்ல சம்பளம் தர்ற வேலைங்கிறதைத் தெரிஞ்சுக்கோங்க.

ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் மாதிரி நாடுகள்ல பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் ஒப்பந்தத்துல இருக்கிற ஊழியர். வேலை அறிவிப்பு வரும், நேர்முகத் தேர்வு நடக்கும். நெதர்லாந்துல வழக்கமா நாலு வருஷம், டென்மார்க்ல மூணு. இதுக்கு முதுகலை வேணும். அந்த எம்.எஸ்சி.யை இங்கேயே முடிக்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல வேளாண் நுண்ணுயிரியல் துறை இருக்கு, பக்கத்துலயே பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கு. அமெரிக்காவுல நிறையப் பல்கலைக்கழகங்கள் இளங்கலையோடவே பிஎச்.டி.க்கு எடுக்கும், கட்டண விலக்கும் உதவித்தொகையும் தரும். ஆனா மூணு வருஷ டிகிரியை ஏத்துக்குமான்னு ஒவ்வொரு இடத்துலயும் கேட்டுக்கணும். கௌஸ்ட்ல சேர்க்கை கிடைச்சா கட்டணமும் மாச உதவித்தொகையும் சேர்ந்தே வரும்.

ஜெர்மனியில மாஸ்டர்ஸ்தான் வேணும்னா, பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல கட்டணம் கிடையாது. ஆனா இந்திய மாணவர்கள் முதல்ல ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்கணும். வங்கியில முடக்கி வைக்கிற தொகையும் காட்டணும். 2024 செப்டம்பர்ல அது வருஷத்துக்கு 11,904 யூரோவா உயர்ந்துச்சு. விண்ணப்பிக்கும்போது புது எண்ணைப் பார்த்துக்கோங்க.

ஐரோப்பிய ஒன்றியத்தோட மேரி கியூரி முனைவர் வலையமைப்புகள்ல எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். அதுல ஒரு வேடிக்கையான விதி: நீங்க போகப்போற நாட்டுல கடைசி 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. ஊர் மாறுறதுதான் தகுதியே! திருப்பூர்லயே இருந்தவங்களுக்கு இது சாதகம்.

இங்கேயே தொடங்கணும்னா சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கலாம். 2023-ல இருந்து மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. இதுல ஒரு நல்ல கட்டுரை வந்தா, அப்புறம் வெளிநாட்டுல போஸ்ட்டாக் கேட்கிறது பிச்சை மாதிரி இருக்காது.

பேராசிரியருக்கு மெயில் எழுதும்போது "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் ஹார்ட்வொர்க்கிங்"னு ஆரம்பிக்காதீங்க. அது அவருக்குத் தினமும் வரும். ஒரு லிட்டர் அளவுக் குடுவையில தொட்டிச் சேத்தை 30 நிமிஷம் படிய விட்டு, எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு பார்க்கிற எளிய டெஸ்ட் ஒண்ணு இருக்கு. சேறு படியாம உப்பி நின்னா, இழை பாக்டீரியா கூடிப்போச்சான்னு சந்தேகப்படலாம். ஒரு நிலையத்துல அனுமதி வாங்கி ரெண்டு மாசம் தினமும் அந்த அளவை எழுதி, அன்னைக்கு உப்பு எவ்வளவுன்னு பக்கத்துல போட்டு ஒரு வரைபடம் வரைஞ்சா, "உப்பு ஏறினப்ப எங்க ஊர்ச் சேறு இப்படி நடந்துக்குச்சு, ஏன்?"னு ரெண்டு வரியில கேட்கலாம். அந்த மெயிலைப் படிக்காமத் தாண்டுறது கஷ்டம்.

சேத்தைப் பாட்டில்ல எடுத்துட்டுப் போக முடியாது

இங்க ஒரு எச்சரிக்கை. உங்க ஊர்த் தொட்டிச் சேத்தைப் பாட்டில்ல பிடிச்சுட்டு ஃப்ளைட் ஏறிடலாம்னு நினைச்சிடாதீங்க. 2002-ம் வருஷ உயிரியல் பல்வகைமைச் சட்டத்துல நுண்ணுயிரும் அடக்கம். வெளிநாட்டு நிறுவனம் ஆராய்ச்சிக்கு எடுக்கணும்னா தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தோட அனுமதி வேணும். அரசு ஒப்புதல் பெற்ற கூட்டு ஆராய்ச்சின்னா அதுக்குத் தனி வழி. அந்த ஆணையத்தோட தலைமையகம் சென்னையிலதான் இருக்கு.

இதைத் தொல்லைன்னு நினைக்காம, இப்படி யோசிங்க. சாலமன் தீவுப் பூஞ்சையால உலகம் முழுக்க வியாபாரம் நடந்துச்சு, அப்போ இந்த மாதிரிச் சட்டம் எதுவும் கிடையாது. நாளைக்கு நம்ம தொட்டியில உப்பைத் தாங்கிட்டு அமீனை முடிச்சு வைக்கிற ஒரு பாக்டீரியா கிடைச்சா, அது எந்த ஊர்ல கிடைச்சதுங்கிற கணக்கு இருக்கணும் இல்லையா? முறையான கூட்டு ஆராய்ச்சின்னா இங்க ஒரு கல்லூரி, அங்க ஒரு பல்கலைக்கழகம், நடுவுல நீங்க.

திரும்பி வர்றவங்களுக்கு இடம் இருக்கா?

சுனிதி சாலமன் கதையைச் சொல்லாம இதை முடிக்க முடியாது. சென்னைக்காரங்க. இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு பயிற்சி எடுத்துட்டு 1973-ல ஊர் திரும்பி, சென்னை மருத்துவக் கல்லூரியில நுண்ணுயிரியல் துறையில வேலை பார்த்தாங்க. எச்.ஐ.வி.ங்கிறது வெளிநாட்டு நோய்னு எல்லாரும் சொல்லிட்டிருந்த நேரத்துல, இங்கே தேடிப் பார்க்கலாம்னு தன் மாணவி நிர்மலாகிட்ட சொன்னாங்க. நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரிச்சு, வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சாங்க. 1986-ல இந்தியாவுல எச்.ஐ.வி. இருக்குன்னு தெரிய வந்தது அப்படித்தான்.

ஒருத்தர் உலகம் சுத்தி வந்தவர். இன்னொருத்தர் உள்ளூர்லயே இருந்து, யாரைப் பார்க்கணும், எப்படிப் பேசணும்னு தேடித் தெரிஞ்சுக்கிட்டவர். ரெண்டு பேர்ல ஒருத்தர் இல்லைன்னாலும் அது நடந்திருக்காது. போகணும்னு நினைக்கிறவங்களும் சரி, போக முடியலையேன்னு வருத்தப்படுறவங்களும் சரி, இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

திருப்பூருக்குத் திரும்பி வர இடம் இருக்கா? விஞ்ஞானிகள் நாடு திரும்ப உயிரித் தொழில்நுட்பத் துறை ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப் தருது. ஆனா அது பல்கலைக்கழகத்துக்குள்ள நுழையுற வழி. நான் பார்த்தவரைக்கும் சுத்திகரிப்பு நிலையங்கள்ல தினமும் பார்க்கிறது பிஎச், டி.டி.எஸ்., சி.ஓ.டி. நுண்ணோக்கியில சேத்தைப் பார்க்கிறதுக்குன்னு ஒரு ஆள் இருக்கிறது அபூர்வம். சவ்வு மாத்துறதுக்கு ஆகுற செலவோட பக்கத்துல ஒரு மைக்ரோபயாலஜிஸ்ட் சம்பளத்தை எழுதிப் பாருங்கன்னு பட்டறை வெச்சிருக்கிற அண்ணன்மாருக்கு நான் சொல்வேன். இந்த எபிசோடைக் கேட்கிறவங்கள்ல அவங்க பிள்ளைகளும் இருப்பீங்க. ராத்திரி சாப்பிடும்போது அப்பாகிட்ட கேளுங்க: "நம்ம தொட்டியில என்ன பாக்டீரியா இருக்குதுங்ப்பா?"

தெரியாதுன்னுதான் பதில் வரும். உங்க ஆராய்ச்சிக்குத் தலைப்பு கிடைச்சாச்சு.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.